ஒரு கோடும் ஓர் எழுத்தும்: டேட்டாபேஸ் கருவிகளின் ஆப்ஷன்களை விளக்கி எழுதுவது எப்படி

"--ஹெல்ப்னு அடிச்சா எல்லாம் வந்துடும், அதுக்கு மேல என்ன ஆவணம்?" டேட்டாபேஸைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். கருவி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் குறிப்புகளான ஆப்ஷன்களின் பட்டியல் ஒன்று, --ஹெல்ப் காட்டுவதுபோல, இருந்துவிட்டால் ஆவணம் முடிந்தது என்ற எண்ணம் அவ்வளவு பரவலாக இருக்கிறது. அது ஏன் தவறு என்பதை ஒரே ஒரு கட்டளையை வைத்துக் காட்டிவிடலாம்.

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் டேட்டாபேஸை நடத்தும் மென்பொருள்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸைப் பேக்கப் (பாதுகாப்புப் பிரதி) எடுக்க மைஎஸ்கியூஎல்டம்ப் என்ற கருவி இருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு அதே வேலையைச் செய்வது பிஜி_டம்ப். இரண்டுமே டேட்டாபேஸில் இருப்பதை ஒரு கோப்பாக வெளியே எழுதித் தரும், அந்தக் கோப்பைத்தான் டம்ப் என்கிறோம். பிஜி_டம்ப்பிலேயே பல வருடம் ஓட்டியவர் ஒருவர் புது வேலையில் மைஎஸ்கியூஎல் பக்கம் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பழக்கத்தில் இப்படி அடிக்கிறார்:

    மைஎஸ்கியூஎல்டம்ப் -டி கடை > கடை.எஸ்கியூஎல்

போஸ்ட்கிரெஸ் கருவிகளில் -டி என்றால் "இதுதான் டேட்டாபேஸின் பெயர்" என்று அர்த்தம். மைஎஸ்கியூஎல்டம்ப்பிலோ அது --நோ-டேட்டா என்பதன் குட்டை வடிவம், அதாவது டேபிள்களின் அமைப்பை மட்டும் எழுது, உள்ளே இருக்கும் வரிகள் எதுவும் வேண்டாம். "கடை" என்பதையும் அது டேட்டாபேஸ் பெயராகவே சரியாக எடுத்துக்கொள்ளும், அதனால் பிழைச் செய்தி எதுவும் வராது. கோப்பு உருவாகும். டம்ப் முடிந்தது என்று தேதியோடு கடைசி வரியும் இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் பெயர்கூட உள்ளே இருக்காது. என்றைக்காவது டேட்டாபேஸ் ஓடும் சர்வர் படுத்து, அந்தக் கோப்பை எடுத்துத் திரும்ப ஏற்றும்போதுதான் விஷயம் தெரியவரும்.

இத்தனைக்கும் ஹெல்ப் பட்டியலில் -டி இருக்கிறது, பக்கத்திலேயே "வரிகளின் தகவல் இல்லை" என்ற பொருளில் ஒரு விளக்கமும் இருக்கிறது. தெரிந்த ஆப்ஷன் என்று நினைத்தவர் அதைத் தேடிப் போகவே காரணமில்லை. பட்டியல் விளக்கம் ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். ஓர் ஆப்ஷனை விளக்குவது என்றால், அதைக் கொடுத்தால் என்ன மாறும், கொடுக்காவிட்டால் என்ன நடக்கும், எதை அது செய்யாது என்ற மூன்றையும் சொல்வது. இதில் நடுவில் இருப்பதைத்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

ஒரு சின்ன விஷயம். கட்டளைகளை இங்கே வாசிக்கும் விதத்திலேயே தமிழில் எழுதுகிறேன், கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சின்ன எழுத்தா பெரிய எழுத்தா என்பது முக்கியமாகும் இடங்களில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

## தையற்கடையில் சொல்லாமல் விட்டது

சட்டை தைக்கத் துணி கொடுக்கிறீர்கள். "முழுக்கை, ஒரு பாக்கெட், கொஞ்சம் லூஸா வைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். சொன்னது மூன்றுதான். ஆனால் காலர் எப்படி, பட்டன் எத்தனை, கீழ் மடிப்பு வட்டமா நேரா என்று இன்னும் இருபது முடிவுகள் பாக்கி. அதையெல்லாம் தையற்காரர் தன் கடை வழக்கப்படி முடித்துக்கொள்வார். வழக்கமான கடையென்றால் பிரச்சினை இல்லை. ஊர் மாறி வேறு கடையில் அதே மூன்று வார்த்தைகளைச் சொன்னால் வேறு சட்டை வரும், ஏனென்றால் சொல்லாமல் விட்டவை அங்கே வேறு மாதிரி. சொன்னதில்கூட "கொஞ்சம் லூஸ்" என்பதற்கு ஒவ்வொரு கடையிலும் ஓர் அளவு.

கமாண்ட் லைன் கருவியும் இப்படித்தான். நீங்கள் கொடுக்கும் ஆப்ஷன்கள் இரண்டோ மூன்றோ, கருவி எடுக்கும் முடிவுகள் அதைவிடப் பல மடங்கு. ஆவணம் எழுதுபவர் கடைக்காரரின் வழக்கத்தை வெளியே எழுதிவைப்பவர்.

## அடித்த வரி கருவியிடம் போய்ச் சேரும் விதம்

கமாண்ட் லைன் என்பது மெனு, பட்டன் எதுவும் இல்லாமல், எழுத்தில் அடித்துக் கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் இடம். நீங்கள் அடித்த வரியை முதலில் வாங்குவது ஷெல் என்ற நிரல். அது இடைவெளி இருக்கும் இடங்களில் வரியை வெட்டித் துண்டுகளாக்கும், முதல் துண்டில் பெயர் இருக்கும் கருவியைக் கிளப்பும், மற்றத் துண்டுகளை அதே வரிசையில் அதன் கையில் கொடுக்கும். மேலே பார்த்த கட்டளையில் அம்புக்குறியும் அதற்குப் பின்னால் இருக்கும் கோப்புப் பெயரும் ஷெல்லுக்கான சேதி, மைஎஸ்கியூஎல்டம்ப் அவற்றைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. அதேபோல, -டி என்றால் என்ன என்பது ஷெல்லுக்குத் தெரியாது.

அர்த்தம் கொடுப்பது கருவிதான். கோட்டில் தொடங்கும் துண்டை அது ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும்: தன் நடத்தையை மாற்றச் சொல்லும் குறிப்பு. ஒற்றைக் கோடும் ஓர் எழுத்துமாக இருந்தால் குட்டை வடிவம், இரட்டைக் கோடும் முழுப்பெயருமாக இருந்தால் நீள வடிவம். பல ஆப்ஷன்களுக்கு இரண்டு வடிவமும் உண்டு, பலன் ஒன்றுதான். சில ஆப்ஷன்களுக்குப் பின்னால் ஒரு மதிப்பு வர வேண்டும், அதை ஆர்குமென்ட் என்பார்கள். சர்வரின் பெயர் சொல்லும் -எச் என்பதற்கு ஆர்குமென்ட் வேண்டும். கூடுதலாகப் பேசிக்கொண்டே வேலை செய் என்று சொல்லும் --வெர்போஸ் என்பதற்கு வேண்டாம். கோடு எதுவும் இல்லாமல் தனியே நிற்கும் துண்டைக் கருவி தன் மரபுப்படி எடுத்துக்கொள்ளும், இந்தக் கருவிகளில் பெரும்பாலும் அது டேட்டாபேஸின் பெயர்.

இதில் சிக்கல் என்னவென்றால், எந்த ஆப்ஷனுக்கு ஆர்குமென்ட் உண்டு, எதற்கு இல்லை என்பது பார்வைக்குத் தெரியாது. மைஎஸ்கியூஎல்லின் பாஸ்வேர்டு ஆப்ஷனைப் பாருங்கள்:

    மைஎஸ்கியூஎல் -யு ரூட் -பி மல்லிகை

-யு ரூட் என்பது யூசர் பெயர். மல்லிகை என்பதுதான் பாஸ்வேர்டு என்று நினைத்து இப்படி அடிப்பவர்கள் ஏராளம். சின்ன எழுத்து -பி என்பதற்கு ஆர்குமென்ட் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். அப்படி இருக்கும்போது அடுத்த துண்டு தனக்குரியதா இல்லையா என்று கருவியால் தீர்மானிக்க முடியாது, அதனால் கொடுப்பதென்றால் இடைவெளி இல்லாமல் ஒட்டி எழுத வேண்டும் என்று விதி. இங்கே இடைவெளி இருக்கிறது. ஆக, "பாஸ்வேர்டைக் கேள்" என்று -பி முடிந்துவிடும், மல்லிகை தனித்துண்டாக நின்று டேட்டாபேஸ் பெயராகிவிடும். கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைச் சரியாகவே அடித்தாலும், மல்லிகை என்ற டேட்டாபேஸே இல்லை என்று பிழை எண் 1049 வரும். ரகசியமாக இருக்க வேண்டிய வார்த்தை திரையில் பிழைச் செய்தியாக வந்து நிற்கும்.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் இதை வேறு மாதிரி வைத்திருக்கிறார்கள். அங்கே சின்ன -பி என்பது போர்ட் எண், அதாவது அந்த மெஷினில் எந்த நிரலோடு இணைய வேண்டும் என்று காட்டும் எண். பாஸ்வேர்டுக்கு இருப்பது பெரிய எழுத்து டபிள்யூ, அதுவும் "கேள்" என்று மட்டும் சொல்லும், மதிப்பு எதையும் வாங்காது. மைஎஸ்கியூஎல்லில் போர்ட்டுக்குப் பெரிய எழுத்து -பி. இந்த இரண்டு கருவிகளையும் ஒரே நாளில் மாறி மாறிப் பயன்படுத்துபவருக்கு நினைவாற்றல் மட்டும் போதாது.

இதுவரை பார்த்ததைக் கொஞ்சம் கோத்துக்கொள்வோம். ஷெல் வெட்டுகிறது, கருவி அர்த்தம் கொடுக்கிறது. எது ஆப்ஷன், எது ஆர்குமென்ட், எது தனித்துண்டு என்பதை அந்தந்தக் கருவியின் விதிதான் சொல்லும், அந்த விதி எழுதப்பட்டிருக்க வேண்டிய இடம் ஆவணம்.

## ஒரே எழுத்து, வேறு வேறு வேலை

ஆங்கில எழுத்து 26, சின்னதும் பெரியதுமாக 52. கருவிகளோ பெருகிக்கொண்டே போகின்றன, ஒவ்வொன்றிலும் டஜன் கணக்கில் ஆப்ஷன்கள். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் வேறு வேலை பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

-டீ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், டேபிள் என்ற சொல்லின் முதல் எழுத்து. பிஜி_டம்ப்பில் -டீ கொடுத்தால் அந்த டேபிளை மட்டும் எடுக்கும். மைஎஸ்கியூஎல்டம்ப்பில் -டீ என்றால் டேபிளை உருவாக்கும் கட்டளைகளை எழுதாதே, வரிகள் மட்டும் போதும். கிட்டத்தட்ட எதிர்த்திசை. வேறு நிறுவனத்தின் கருவி வேறு மாதிரி இருப்பது போகட்டும், போஸ்ட்கிரெஸ் குடும்பத்துக்குள்ளேயே -சி படும் பாட்டைப் பாருங்கள். டேட்டாபேஸிடம் கட்டளைகளைக் கொடுக்கும் பிஎஸ்கியூஎல்லில் அது "இந்தக் கட்டளையை ஓட்டு". பிஜி_டம்ப்பில் "உருவாக்கும் கட்டளைகளுக்கு முன்னால் பழையதை அழிக்கும் கட்டளைகளையும் சேர்த்து எழுது". சர்வர் முழுவதையும் நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப்பில் செக்பாயின்ட் (நினைவகத்தில் இருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிப்பது) வேகமாகவா நிதானமாகவா என்பது. ஒன்று சாதாரணம், ஒன்று இருப்பதை அழிக்கக்கூடியது, ஒன்றுக்கு அந்த இரண்டோடும் சம்பந்தமே இல்லை.

பழைய கதை ஒன்று இங்கே பொருத்தமாக இருக்கும். பிஜி_டம்ப்பில் ஒரு காலத்தில் -டி என்பது டேட்டாபேஸ் பெயராக இருக்கவில்லை. டம்ப்பை, வரிகளைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளைகளாக எழுது என்பதன் சுருக்கமாக இருந்தது. மற்றக் கருவிகளில் -டி டேட்டாபேஸ் பெயர், இதில் மட்டும் வேறு, அதனால் ஆட்கள் தவறாகவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 2009இல் வந்த 8.4 வெர்ஷனில் அந்தச் சுருக்கத்தையே எடுத்துவிட்டார்கள். காரணத்தையும் வெளியீட்டுக் குறிப்பில் எழுதினார்கள்: பலர் இதை டேட்டாபேஸ் பெயர் என்று நினைத்து ஏமாந்தார்கள் என்று. பிறகு 2013இல் 9.3 வெர்ஷனில்தான் -டி டேட்டாபேஸ் பெயருக்காகத் திரும்ப வந்தது. நடுவில் சில வருடம் அந்த எழுத்தைக் காலியாகவே விட்டு வைத்திருந்தது நல்ல முடிவு என்று நினைக்கிறேன். ஒரே எழுத்தின் அர்த்தத்தை அடுத்த வெர்ஷனிலேயே மாற்றியிருந்தால், பழைய ஸ்கிரிப்ட்கள் (முன்பே எழுதி வைத்த கட்டளைத் தொகுப்புகள்) பிழை காட்டாமல் வேறு வேலை செய்யத் தொடங்கியிருக்கும். எழுத்து காலியாக இருந்ததால் அவை பிழை காட்டி நின்றன, ஆட்கள் திருத்திக்கொண்டார்கள்.

நிறுவனத்துக்குள் நீங்கள் கையேடு எழுதுபவராக இருந்தால் இதிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. ஸ்கிரிப்டிலும் எடுத்துக்காட்டிலும் நீள வடிவத்தையே எழுதுங்கள். --நோ-டேட்டா என்று எழுதியிருந்தால் தொடக்கத்தில் பார்த்தவர் அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கவே மாட்டார். குட்டை வடிவம் கையால் அடிப்பவரின் வசதிக்கு, நீள வடிவம் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு.

## சொல்லாமல் விட்டால் யார் முடிவு செய்வது?

ஆப்ஷன் கொடுக்காதபோது கருவி தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புக்கு டீஃபால்ட் என்று பெயர். பிஜி_டம்ப்பை ஆப்ஷன் எதுவும் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? போர்ட் 5432 என்று எடுத்துக்கொள்ளும். யூசர் பெயராக, கம்ப்யூட்டரில் நீங்கள் எந்தப் பெயரில் லாகின் செய்திருக்கிறீர்களோ அதையே எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் பெயருக்கும் அந்த யூசர் பெயரைத்தான் வைத்துக்கொள்ளும். டம்ப்பைச் சாதாரண எழுத்து வடிவில், கோப்பில் இல்லாமல் திரையிலேயே கொட்டும்.

இதிலும் ஓர் அடுக்கு உண்டு. என்விரான்மென்ட் வேரியபிள் என்பது, ஷெல்லில் ஒருமுறை பெயர் சூட்டி வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கிருந்து கிளம்பும் எல்லாக் கருவிகளும் எடுத்துப் பார்க்கக்கூடிய மதிப்பு. பிஜிஹோஸ்ட் என்ற வேரியபிளில் ஒரு சர்வர் பெயர் இருந்தால், -எச் கொடுக்காதபோது போஸ்ட்கிரெஸ் கருவிகள் அந்தச் சர்வருக்குத்தான் போகும். -எச் கொடுத்தால் அது ஜெயிக்கும். மைஎஸ்கியூஎல்லில் இதோடு ஆப்ஷன் கோப்பு என்று இன்னொன்றும் சேரும்: முதலில் என்விரான்மென்ட், அதை மிஞ்சுவது ஆப்ஷன் கோப்பு, எல்லாவற்றையும் மிஞ்சுவது நீங்கள் அடித்த வரி.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு பேர் ஒரே வரியை இரண்டு மெஷின்களில் அடித்து இரண்டு வேறு சர்வர்களுக்குப் போய்ச் சேரலாம். ஒருவர் டெஸ்ட் சர்வரை அழிப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அதனால்தான் ஒவ்வோர் ஆப்ஷனின் கீழும் "கொடுக்காவிட்டால்" என்று ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும் என்கிறேன். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் இணைப்பு ஆப்ஷன்களுக்குக் கீழே இது ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது: -எச் கொடுக்காவிட்டால் பிஜிஹோஸ்ட், அதுவும் இல்லையென்றால் அதே மெஷினுக்குள் நிரல்கள் நெட்வொர்க் இல்லாமல் பேசிக்கொள்ளும் சாக்கெட் வழியாக இணைப்பு என்று.

டீஃபால்ட் சில இடங்களில் நீங்கள் கொடுத்த ஆப்ஷனையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். லினக்ஸில் மைஎஸ்கியூஎல்லுக்கு -எச் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின்) என்று கொடுத்தால் அது நெட்வொர்க் வழியாகப் போகாது, சாக்கெட் கோப்பு வழியாகப் போகும். சாக்கெட்டுக்குப் போர்ட் கிடையாது. ஆகவே பக்கத்தில் பெரிய -பி போட்டு 3307 என்று கொடுத்தாலும் அது கண்டுகொள்ளப்படாது, பிழையும் வராது. ஒரே மெஷினில் இரண்டு மைஎஸ்கியூஎல் ஓட்டுபவர்கள், இரண்டாவதில் வேலை செய்வதாக நினைத்து முதலாவதில் செய்துகொண்டிருப்பார்கள். லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் பதிலாக அதே மெஷினின் நெட்வொர்க் முகவரியான 127.0.0.1 என்று கொடுக்க வேண்டும், அல்லது --புரோட்டோகால்=டிசிபி சேர்க்க வேண்டும். போர்ட் ஆப்ஷனின் விளக்கத்தில் "போர்ட் எண்" என்று மட்டும் எழுதியிருந்தால் இதையெல்லாம் யார் ஊகிக்க முடியும்?

## ஒரு விளக்கத்தை எழுதிப் பார்ப்போம்

பிஜி_டம்ப்பின் -ஜே, நீள வடிவம் --ஜாப்ஸ். அவசரத்தில் எழுதப்படும் கையேடுகளில் இது இப்படி இருக்கும்:

    -ஜே, --ஜாப்ஸ்: ஜாப்களின் எண்ணிக்கை

இதைப் படித்து ஒருவருக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியவில்லை. பெயரில் இருப்பதையே விளக்கத்திலும் சொல்லியிருக்கிறது. சரி, படிப்பவருக்கு என்ன கேள்விகள் வரும்? எத்தனை கொடுக்கலாம், எதற்கு இது, சர்வருக்குப் பாரமா, எல்லா வடிவத்துக்கும் பொருந்துமா. பதில் எல்லாம் தெரிந்ததுதான், எழுதினால் போதும்:

    -ஜே எண், --ஜாப்ஸ்=எண்
    ஒரே நேரத்தில் இத்தனை டேபிள்களை எடுக்கும். நேரம் குறையும்,
    சர்வரின் சுமை கூடும். கொடுக்காவிட்டால் ஒவ்வொன்றாக எடுக்கும்.
    டைரக்டரி வடிவ டம்ப்புக்கு மட்டுமே பொருந்தும் (--ஃபார்மட்=டைரக்டரி);
    வேறு வடிவத்தோடு கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும்.
    கொடுத்த எண்ணைவிட ஒன்று கூடுதலாக இணைப்புகள் திறக்கும்,
    சர்வரின் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் அதற்கு இடம் தர வேண்டும்.

ஆறு வரிதான். (டைரக்டரி வடிவம் என்றால் டம்ப்பை ஒரே கோப்பாக இல்லாமல் ஒரு ஃபோல்டருக்குள் பல கோப்புகளாக எழுதுவது. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் என்பது சர்வர் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் வரம்பு.) இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த "ஒன்று கூடுதலாக". எட்டு கொடுத்தால் ஒன்பது இணைப்பு. எட்டு ஜாப்களை மேய்க்கும் தலைமை இணைப்பு ஒன்று தேவை என்பதால் இப்படி. இணைப்புகளின் வரம்பு ஏற்கெனவே நெருங்கிக்கொண்டிருக்கும் சர்வரில் இந்த ஒன்று வலிக்கும், போஸ்ட்கிரெஸின் அதிகாரப்பூர்வ ஆவணம் இதைக் குறிப்பிட்டே சொல்கிறது.

ஆப்ஷன்களின் விளக்கத்துக்கு மேலே, பக்கத்தின் தலையில், பயன்பாட்டு வடிவம் ஒரே வரியில் இருக்கும்:

    பிஜி_டம்ப் [இணைப்பு-ஆப்ஷன்...] [ஆப்ஷன்...] [டேட்டாபேஸ்-பெயர்]

புதிதாக வருபவர்கள் இந்தச் சதுர அடைப்பையும் சேர்த்து அடித்துவிடுவதுண்டு. அடைப்புக்குள் இருந்தால் கொடுக்கலாம், விடலாம். மூன்று புள்ளி இருந்தால் ஒன்றுக்கு மேலும் கொடுக்கலாம். நடுவில் செங்குத்துக் கோடு இருந்தால் இதில் ஏதாவது ஒன்று. யூனிக்ஸ் உலகத்தின் பழைய வழக்கம் இது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது, ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம் என்ற பழக்கம் அங்கிருந்தே வருகிறது. இன்றைக்கு மேன் பக்கம் என்று நாம் பார்ப்பது அதன் தொடர்ச்சி.

சுருக்கமாக: பெயரைத் திரும்பச் சொல்லாதீர்கள், கொடுக்காவிட்டால் என்ன என்பதை எழுதுங்கள், எதனோடு சேரும் எதனோடு சேராது என்பதை எழுதுங்கள், சர்வருக்கு என்ன செலவு என்பதை எழுதுங்கள்.

## செய்யாததையும் எழுத வேண்டும்

ஆப்ஷனின் பெயரைப் பார்த்ததும் மனதில் ஒரு வாக்குறுதி தோன்றிவிடும். அந்த வாக்குறுதிக்கும் உண்மைக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதைச் சொல்வது எழுதுபவரின் கடமை.

மைஎஸ்கியூஎல்டம்ப்பின் --சிங்கிள்-டிரான்சாக்‌ஷன் நல்ல உதாரணம். யாரையும் காக்க வைக்காமல், பேக்கப் தொடங்கிய நொடியில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துத் தரும் என்று பெயர் வாங்கியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் டேபிள்களைச் சேமிக்கும் வகைகள் பல, அவற்றில் இன்னோடிபி வகை டேபிள்களுக்கு அது உண்மை. மைஐசாம் வகை டேபிள் ஒன்று உள்ளே இருந்தால், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மாறலாம். இன்னோடிபி டேபிளையே யாராவது நடுவில் ஆல்டர் செய்தாலோ (அமைப்பை மாற்றினாலோ) டிரங்கேட் செய்தாலோ (முழுதும் காலியாக்கினாலோ), பேக்கப் தவறான உள்ளடக்கத்தோடு முடியலாம் அல்லது பாதியில் நிற்கலாம். அதே கருவி, டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த நிரல்களான ஸ்டோர்டு புரொசீஜர்களைச் சொல்லாமல் எடுக்காது, --ரொட்டீன்ஸ் கொடுக்க வேண்டும். டேபிள் மாறும்போது தானாக ஓடும் டிரிக்கர்களை மட்டும் சொல்லாமலே எடுக்கும். ஏன் இப்படி என்று கேட்பதைவிட, எழுதி வைப்பது பயன்.

போஸ்ட்கிரெஸ் பக்கமும் அப்படித்தான். பிஜி_டம்ப் ஒரு டேபிளை -டீ கொடுத்து எடுக்கும்போது தேடலை வேகப்படுத்தும் அதன் இண்டெக்ஸ்களும் கூடவே வரும். முழு டம்ப்பிலிருந்து, டம்ப்பைத் திரும்ப ஏற்றும் கருவியான பிஜி_ரீஸ்டோர் கொண்டு அதே -டீ போட்டு ஒரு டேபிளை மட்டும் மீட்டால் இண்டெக்ஸ்கள் வராது. ஒரே எழுத்து, ஒரே குடும்பம், ஜோடியாகவே பயன்படுத்தும் இரண்டு கருவிகள். மீட்ட பிறகு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், ஆனால் தேடல் நத்தை வேகத்தில் நடக்கும். யூசர்களையும் அவர்களின் பாஸ்வேர்டுகளையும் பிஜி_டம்ப் எடுக்கவே எடுக்காது, அவை எந்த ஒரு டேட்டாபேஸுக்கும் சொந்தமில்லை, சர்வர் முழுமைக்கும் பொதுவானவை. அதற்குப் பிஜி_டம்ப்ஆல் என்ற இன்னொரு கருவியை --குளோபல்ஸ்-ஒன்லி என்று சொல்லி ஓட்ட வேண்டும்.

அப்புறம் பிஜி_ரீஸ்டோரின் --கிரியேட், டேட்டாபேஸையே உருவாக்கிவிட்டு ஏற்று என்று சொல்வது. இதையும் கொடுத்து, --டிபிநேம்=சோதனை என்றும் கொடுத்தால், தரவு "சோதனை" டேட்டாபேஸில் ஏறும் என்றுதான் எவரும் நினைப்பார். ஏறாது. "சோதனை" என்பது முதலில் இணைவதற்கு மட்டும், அங்கிருந்துகொண்டு புது டேட்டாபேஸை உருவாக்கும் கட்டளையைக் கொடுக்கும், தரவு போய் இறங்குவது டம்ப்புக்குள் எழுதியிருக்கும் பழைய பெயருள்ள டேட்டாபேஸில். ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. படித்தால் ஒரு நிமிட வேலை, படிக்காமல் விட்டால் ஒரு நாள் போகலாம்.

## கருவி பேசாமல் இருக்கும் நேரம்

ஓர் ஆப்ஷன் என்ன செய்யும் என்று எழுதுவோம், செய்துகொண்டிருக்கும்போது திரையில் என்ன தெரியும் என்பதை எழுதமாட்டோம். அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்லலாம். நடந்தது அனைத்தையும் அவர்களே வெளிப்படையாக எழுதிப் பொதுவில் வைத்தார்கள்.

அவர்களின் இரண்டாவது போஸ்ட்கிரெஸ் சர்வர் முதன்மைச் சர்வரிடமிருந்து பின்தங்கிப்போயிருந்தது. அதைப் புதிதாக நிரப்ப பிஜி_பேஸ்பேக்கப் ஓட்டினார்கள். அது எதுவும் பேசாமல் நின்றது, கூடுதல் விவரம் கேட்கும் --வெர்போஸ் கொடுத்தும்கூட. முதன்மைச் சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும் வரை இந்தக் கருவி அமைதியாகக் காத்திருப்பது இயல்பு. ஆனால் அந்த விஷயம் தங்கள் கையேட்டிலும் இல்லை, பிஜி_பேஸ்பேக்கப்பின் அதிகாரப்பூர்வ ஆவணத்திலும் தெளிவாக இல்லை என்று பின்னர் எழுதினார்கள். கருவி மாட்டிக்கொண்டது என்று நினைத்த பொறியாளர், டேட்டா டைரக்டரி (தரவுக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) ஏற்கெனவே இருப்பதுதான் தடை என்று கருதி அதை அழிக்கப் போனார். அழித்தது முதன்மைச் சர்வரில். ஒரு சில நொடிகளில் நிறுத்திவிட்டார், அதற்குள் 300 ஜிபி அளவு போய்விட்டது.

சரி, பேக்கப்பிலிருந்து மீட்கலாம் என்று பார்த்தால், தினமும் ஓடிய பிஜி_டம்ப் எதையும் எடுத்திருக்கவில்லை. சர்வர் 9.6 வெர்ஷன், ஓடிய பிஜி_டம்ப் 9.2. தன்னைவிடப் புதிய பெரிய வெர்ஷன் சர்வரிலிருந்து பிஜி_டம்ப் எடுக்க மறுத்துவிடும், அது சரியான நடத்தைதான். ஆனால் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) கைகொடுத்தது. நடுவில் இருந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

பிஜி_பேஸ்பேக்கப்பின் இன்றைய ஆவணத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: தொடக்கத்தில் சர்வரில் செக்பாயின்ட் நடக்க வேண்டும், --செக்பாயின்ட்=ஃபாஸ்ட் கொடுக்காவிட்டால் அதற்கு நேரமாகலாம், அதுவரை கருவி சும்மா இருப்பதுபோலத் தெரியும் என்று. அந்தப் "சும்மா இருப்பதுபோலத் தெரியும்" என்ற சில வார்த்தைகள் எவ்வளவு விலை மதிப்புள்ளவை என்று யோசித்துப் பாருங்கள்.

மௌனத்தைப் போலவே முடிவையும் எழுத வேண்டும். ஒவ்வொரு கருவியும் முடியும்போது ஷெல்லிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும், அதுதான் எக்ஸிட் கோட். பூஜ்யம் என்றால் வெற்றி, வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. எழுத்து வடிவ டம்ப் ஒன்றை பிஎஸ்கியூஎல் -எஃப் கொண்டு ஏற்றும்போது, உள்ளே பத்துக் கட்டளைகள் பிழையானாலும் அது அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் பூஜ்யத்தைக் கொடுக்கும். ஆன்_எரர்_ஸ்டாப் என்ற வேரியபிளைப் போட்டிருந்தால்தான் முதல் பிழையில் நிற்கும், எண் 3 வரும். பிஜி_ரீஸ்டோரும் பிழையைத் தாண்டிப் போகும், ஆனால் கடைசியில் எத்தனை பிழை என்று சொல்லிவிட்டு 1 கொடுக்கும். இந்த வித்தியாசம் எழுதப்படாத கையேடு, பாதி ஏறிய டேட்டாபேஸை முழுதாக ஏறியது என்று நம்பவைக்கும்.

## எடுத்துக்காட்டை அப்படியே எடுத்து ஒட்டுவார்கள்

விளக்கத்தை எவ்வளவு நன்றாக எழுதினாலும், அவசரத்தில் வருபவர் நேராகக் கீழே இருக்கும் எடுத்துக்காட்டுக்குத்தான் போவார். அதில் தவறில்லை, இரவு இரண்டு மணிக்கு சர்வர் படுத்திருக்கும்போது யாரும் பத்தி பத்தியாகப் படிக்கமாட்டார்கள். அதனால் எடுத்துக்காட்டு அப்படியே ஒட்டினாலும் ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும். பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதிக் காட்டாதீர்கள். அது ஷெல்லின் வரலாற்றில் தங்கிவிடும், அதே மெஷினில் ஓடும் நிரல்களின் பட்டியலைப் பார்ப்பவர் கண்ணிலும் படலாம். மைஎஸ்கியூஎல்லே அப்படிக் கொடுத்தால் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கும். போஸ்ட்கிரெஸில் பிஜிபாஸ் என்ற கோப்பில் வைக்கலாம், அதன் அனுமதி 0600 ஆக இருக்க வேண்டும், அதைவிடத் தளர்வாக இருந்தால் கருவி அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளாது. அந்த 0600 என்பதையும் எடுத்துக்காட்டிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் "கோப்பு வெச்சும் பாஸ்வேர்டு கேக்குதே" என்று உங்களிடம்தான் வருவார்கள்.

அழிக்கும் ஆப்ஷன்கள், பிஜி_ரீஸ்டோரின் --க்ளீன் போன்றவை, முதல் எடுத்துக்காட்டில் வரவே கூடாது. டேட்டாபேஸ் பெயருக்கு நிஜப் பெயர் போடாதீர்கள். எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை எடுத்துக்காட்டின் தலையிலேயே எழுதுங்கள், 9.2க்கும் 9.6க்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்த்தோம். எழுதிய கட்டளையை, எழுதியபடியே, ஒரு காலி மெஷினில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் மெஷினில் பிஜிஹோஸ்ட் ஏற்கெனவே போட்டிருக்கும், அதனால் -எச் விட்டுப்போனது உங்களுக்குத் தெரியாது, படிப்பவருக்குத் தெரியும்.

கருவியை எழுதுபவர்கள் வேறு, நாம் பயன்படுத்துபவர்கள்தான் என்று ஒதுங்க வேண்டியதும் இல்லை. போஸ்ட்கிரெஸின் ஆவணம் அதன் மூல நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் இருக்கிறது, மேன் பக்கமும் இணையப் பக்கமும் ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. அதன் ஆவணப் பக்கங்களின் அடியில், தவறோ தெளிவின்மையோ கண்டால் எழுதி அனுப்ப ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். ஓர் ஆப்ஷன் உங்களைச் சுற்றவிட்டது என்றால் உங்கள் வெர்ஷன் எண், அடித்த வரி, ஆவணத்தைப் படித்து நீங்கள் எதிர்பார்த்தது, உண்மையில் நடந்தது, இந்த நான்கையும் அதில் எழுதி அனுப்புங்கள். திருத்துபவருக்கு அவ்வளவு போதும்.